ஏழு சீட் வண்டியில் உங்கள் இடம் எது?

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், மாமனார், மாமியார் என்று வீட்டில் ஆறு பேர். இப்போது இருப்பது ஒரு வேகன்ஆர். மாதம் ஒருமுறை தாளவாடி பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குப் போவோம். வரும்போது தோட்டத்தில் இருந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ராகி என்று ஒரு மூட்டையாவது கூட வரும். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், கடை என்று ஊருக்குள்தான் ஓட்டம். மாமனாருக்குப் போன வருடம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கலாம் என்று இருக்கிறோம். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 15 லட்சத்துக்குள் முடிய வேண்டும். கணவர் மாருதி எர்டிகா சி.என்.ஜி. என்கிறார். கொழுந்தனார் பழைய டீசல் இன்னோவா பார் என்கிறார். எனக்கு ரெனால்ட் ட்ரைபரின் விலை பிடித்திருக்கிறது. தெரிந்தவர்கள் கியா கேரன்ஸ் நல்லது என்கிறார்கள். பையன் சன்ரூஃப் கேட்கிறான். மாமாவை முன்சீட்டிலும், அத்தையையும் குழந்தைகளையும் நடு சீட்டிலும் உட்கார வைத்துவிடலாம். தீபாவளிக்கு நாத்தனாரும் அவர் கணவரும் வந்தால் எட்டுப் பேர் ஆகிவிடுவோம். எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமனார் எங்கே உட்காருவார், மாமியார் எங்கே, குழந்தைகள் எங்கே என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கணவர் ஓட்டுவார். நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. நடு வரிசையில் குழந்தை சீட் ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் பையனையும் அத்தையையும் உட்கார வைத்தால் அந்த வரிசை நிறைந்துவிடும். உங்களுக்கு மிச்சம் கடைசி வரிசைதான். உங்களுக்கான வண்டியை அந்த இடத்தில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் 22 வருடம் சர்வீஸ் பட்டறையில் இன்ஜினீயராக வேலை பார்த்தவன். இப்போது கார் வாங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்வதும், பழைய வண்டிகளைப் பரிசோதித்துக் கொடுப்பதும்தான் தொழில். இருந்தும் என் சொந்த வீட்டுக்கு ஏழு சீட்டர் வாங்கியபோது இன்ஜின், மைலேஜ், பாகங்களின் விலை எல்லாம் பார்த்தேனே தவிர, கடைசி வரிசையில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. என் அம்மாதான் எட்டு வருடம் அங்கே உட்கார்ந்து வந்தார். ஒருநாள் பழனி போய் இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போய் கதவைப் பிடித்தபடி கீழே சரிந்துவிட்டார். விசாரித்தபோதுதான், ஒவ்வொரு பயணத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை. அதற்குப் பிறகு யார் ஆலோசனை கேட்டு வந்தாலும் கடைசி வரிசையில் உட்காரப் போவது யார் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அந்த வரிசையில் என்ன பிரச்சினை என்று கொஞ்சம் விளக்குகிறேன். நாலரை மீட்டர் நீளத்துக்குள் மூன்று வரிசையை அடக்கும்போது, கடைசி சீட் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே வந்துவிடும். அதனால் அங்கே தரை மட்டம் உயரமாக இருக்கும், சீட்டோ தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறும், தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்குவதால் கால் மரத்துப்போகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும் குலுக்கல் அங்கேதான் அதிகம். ஜன்னல் சிறியது, முன்னால் இருக்கும் சாலையும் சரியாகத் தெரியாது. வளைவில் வாந்தி வரும் சுபாவம் உள்ள குழந்தைக்கு இதைவிட மோசமான இடம் வண்டிக்குள் கிடையாது. தாளவாடி போகும் வழியில், பண்ணாரியில் இருந்து திம்பம் மலை ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் பையனுக்கு அந்தச் சுபாவம் இருந்தால் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள்.

ஆகவே முதல் வேலையாக, ஷோரூமுக்கு ஆறு பேரும் போங்கள். கணவர் மட்டும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேண்டாம், வார நாளில் மதியம் இரண்டு மூன்று மணிக்குப் போங்கள், வெயிலில் நின்ற வண்டியைக் கேளுங்கள். கணவர் தான் ஓட்டும் வசதிக்கு டிரைவர் சீட்டை வைத்துக்கொள்ளட்டும். மாமனார் காலை நீட்டி உட்காரும்படி முன்சீட்டைத் தள்ளுங்கள். அத்தை நடு வரிசையில் தனக்கு வேண்டிய அளவு சாய்த்துக்கொள்ளட்டும். எல்லாரும் வசதியாக உட்கார்ந்த பிறகு நீங்கள் கடைசி வரிசைக்குள் போய் உட்காருங்கள். ஏ.சி.யைப் போட்டு இருபது நிமிடம் இருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் பொறுக்கச் சொல்லுங்கள். காற்று உங்கள் முகத்துக்கு வருகிறதா, தலை கூரையில் முட்டுகிறதா, உங்கள் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் எத்தனை விரல்கடை இடம் இருக்கிறது என்று பாருங்கள். காலி வண்டியில் நடு சீட்டை முன்னால் தள்ளிவைத்துவிட்டு, பின்னால் எவ்வளவு இடம் பாருங்கள் மேடம் என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

அடுத்தது குழந்தை சீட். பலரும் வண்டி வாங்கிய பிறகுதான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இந்த வண்டிகளில் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் இருக்கும். கடைசி வரிசைக்குப் போக நடு சீட்டை மடக்கி முன்னால் தள்ள வேண்டும். குழந்தை சீட் பொருத்திய பக்கத்தில் அதை மடக்க முடியாது, அதாவது அந்தப் பக்கத்து வழி அடைபட்டுவிடும். சாலையோரம் நிறுத்தும்போது நாம் ஏறி இறங்குவது இடது பக்கம். ஆகவே குழந்தை சீட் வலது பக்கம், டிரைவருக்குப் பின்னால் போக வேண்டும். அப்படி வைத்தால் பாப்பாவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நீங்கள் போக்குவரத்துப் பக்கம் நிற்க வேண்டியிருக்கும். கடைவீதியில் நிறுத்தும்போது அந்த ஜாக்கிரதை வேண்டும். இன்னொன்று, வளைவில் பாப்பா அழுதால் கடைசி வரிசையில் இருக்கும் உங்கள் கை அவளுக்கு எட்டாது. பக்கத்தில் இருக்கும் அத்தைதான் சமாளிக்க வேண்டும். அவருக்கு அது முடியுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் நீங்கள் நடுவில், அத்தை கடைசியில் என்று மாறும். அப்போது ஷோரூமில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டியவரும் அத்தைதான். அவர் வயதில் குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே நுழைவது லேசான காரியம் இல்லை.

உங்கள் குடும்பத்தின் நிஜக் கணக்கு முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில் மூன்று பேர் என்பது குழந்தை சீட் வந்துவிட்டால் பெயருக்குத்தான். எர்டிகாவின் வெளி அகலம் 1735 மில்லிமீட்டர், கேரன்ஸ் 1800. அந்த ஆறரை சென்டிமீட்டர் நடு வரிசையில் தோளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு குழந்தை சீட்டோடு இரண்டு பெரியவர்கள் நாலு மணி நேரம் உட்காரும் இடம் இரண்டிலுமே இல்லை. உங்களைப் போன்ற வீட்டுக்கு நடுவில் இரண்டு தனித்தனி சீட் உள்ள ஆறு சீட்டர்தான் பொருத்தம். நடுவில் இருக்கும் சந்து வழியாகப் பையன் பின்னால் போய்விடுவான், எதையும் மடக்க வேண்டியதில்லை. மாருதியில் எர்டிகாவின் அடித்தளத்தில் வரும் எக்ஸ்எல்6 அப்படிப்பட்டது. கேரன்ஸின் புது வடிவமான கேரன்ஸ் கிளாவிஸிலும் சில மேல் வேரியன்ட்களில் ஆறு சீட் கிடைக்கும். விலை உங்கள் எல்லையைத் தொடும் அல்லது தாண்டும். கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்.

மாமனாரை முன்சீட்டில் உட்கார வைப்பது சரியான முடிவு. மூட்டு மாற்றியவருக்குக் குனிந்து இறங்கும் கார் ஆகாது, கால் தூக்கி ஏறும் ஜீப் மாதிரி வண்டியும் ஆகாது. சீட் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளும் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் அது பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஷோரூமில் அவர் ஐந்து முறை ஏறி இறங்கட்டும். முதல் முறை சுலபமாகத்தான் இருக்கும், நாலாவது ஐந்தாவது முறையில்தான் உண்மை தெரியும்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வரிசையும் விரித்திருந்தால் எர்டிகாவில் பின்னால் இருக்கும் இடம் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர். இரண்டு சின்னப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான். ட்ரைபரில் அதே இடம் 84 லிட்டர், இரண்டு பள்ளிக்கூடப் பைக்குச் சரியாக இருக்கும். உருளைக்கிழங்கு மூட்டைக்கு மூன்றிலுமே ஒழுங்கான இடம் இல்லை. எர்டிகாவிலும் கேரன்ஸிலும் கடைசி வரிசை இரண்டு பாதியாக மடியும். பையன் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டால் ஒரு பாதியை மடக்கி மூட்டையை வைக்கலாம். வைத்தால் கயிறு போட்டுக் கட்டுங்கள். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது 30 கிலோ மூட்டை சும்மா நகராது, பாய்ந்து வரும். நீங்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

இதே காரணத்தால் உங்கள் கணவரின் சி.என்.ஜி. ஆசைக்கு நான் உடன்பட முடியவில்லை. எர்டிகா சி.என்.ஜி.யில் சிலிண்டர் இருப்பது கடைசி சீட்டுக்குப் பின்னால், மூட்டை வைக்கும் அதே இடத்தில். 209 லிட்டரில் பெரும்பகுதி போய்விடும். பிறகு கூரை மேல் கேரியர் போடத் தோன்றும். ஆறு பேரை ஏற்றிய வண்டியின் தலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு 27 வளைவு திரும்புவதை நான் விரும்பவில்லை. பாரம் மேலே ஏற ஏற வண்டி வளைவில் சாயும். இன்ஜின் சக்தியும் குறைகிறது. பெட்ரோலில் 103 குதிரைத்திறன் கொடுக்கும் அதே 1462 சி.சி. இன்ஜின், கேஸில் 88தான் கொடுக்கும். மலை ஏறும்போது எப்படியும் பெட்ரோலுக்கு மாற்றித்தான் ஓட்டுவார்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓட்டம் மாதம் 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வருடம் 7,200. பெட்ரோலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்து, லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடச் செலவு சுமார் 51,000. கேஸில் கிலோவுக்கு 20 கிலோமீட்டர் கிடைத்து, கிலோ 90 ரூபாய் என்றால் சுமார் 32,000. மிச்சம் வருடம் 19,000. சி.என்.ஜி. வேரியன்ட்டுக்கு அதிகம் கொடுப்பது, வரியையும் சேர்த்தால், ஒரு லட்சத்தை ஒட்டி வரும். அதை மீட்கவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் கட்டாயம். தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓடுகிறவர் கேட்டிருந்தால் தயங்காமல் சி.என்.ஜி. என்றே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. டீசலும் இதே மாதிரிதான். கேரன்ஸ் டீசலின் 250 நியூட்டன் மீட்டர் இழுவை திம்பத்துக்கு அருமையாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி நெடுஞ்சாலையில் சூடாகி ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரும் வண்டியில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

ட்ரைபரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகும் வண்டி, 2019இல் வந்தது. நீளம் 3990 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் குறைவு என்பது தற்செயலாக வந்ததில்லை. நாலு மீட்டருக்கு உள்ளே, 1200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் கார் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், எர்டிகா, கேரன்ஸ் மாதிரி வண்டிகளுக்கு 40 சதவீதம். ட்ரைபரின் விலை உங்களுக்குப் பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அதைவிட, கடைசி வரிசையின் இரண்டு சீட்டையும் தனித்தனியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஒன்றைக் கழற்றினால் ஆறு பேர், பின்னால் 320 லிட்டர் இடம். இரண்டையும் கழற்றினால் ஐந்து பேர், 625 லிட்டர். இவ்வளவு சின்ன வண்டிக்குள் இப்படி யோசித்து வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ இருந்திருந்தால் ட்ரைபரை வாங்குங்கள் என்று இந்தப் பதிலை நாலு வரியில் முடித்திருப்பேன்.

ஆனால் இன்ஜின் 999 சி.சி., மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் இழுவை. நாலு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், ஒரு மூட்டை என்றால் சுமை 350 கிலோவைத் தொடும். அந்தச் சுமையோடு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து, நின்று கிளம்ப வேண்டியிருந்தால் முதல் கியரில் இன்ஜின் கத்தும், கிளட்ச் வாடை வரும். ஏறாது என்று சொல்லவில்லை, ஏறிவிடும். மாதா மாதம் அந்தப் பதற்றம் உங்கள் கணவருக்கு வேண்டுமா என்பதுதான் யோசனை. ஊருக்குப் போவது வருடம் இரண்டு தடவைதான் என்றால் ட்ரைபரே போதும்.

கொழுந்தனார் இன்னோவா சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடைசி வரிசையில் பெரியவர்கள் நிஜமாக உட்காரக்கூடிய வண்டி அது. மலையில் அலட்டிக்கொள்ளாது. ஆனால் உங்கள் விலைக்கு வருவது வயதான வண்டியாக இருக்கும். அவற்றில் நிறைய வண்டிகள் ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடியவை. மஞ்சள் போர்டை வெள்ளைக்கு மாற்றிய விவரம் ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மீட்டர் 90,000 காட்டும், ஆனால் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து பளபளக்கும், ஸ்டியரிங் தோல் வழுக்கும், டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கும். அப்படி இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஈரவாடை அடித்தாலோ, சீட் தண்டவாளத்தில் துரு இருந்தாலோ வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டிகள் எத்தனையோ ஊருக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது வேறு. பழைய இன்னோவாக்களில் ஏர்பேக்கே இல்லாத அடிப்படை மாடல்கள் உண்டு. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் எர்டிகா 2019இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. 2024இல், இங்கே தயாராகி ஆப்பிரிக்காவுக்குப் போகும் எர்டிகாவைச் சோதித்தார்கள். பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. சோதனை 2022இல் கடுமையாக்கப்பட்டதும், அந்த வண்டியில் இரண்டு ஏர்பேக் மட்டுமே இருந்ததும் காரணங்கள். இப்போது இங்கே விற்கும் எர்டிகாவில் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. ஆனால் மோதலில் வண்டியின் கூடு தாங்கவில்லை என்று அவர்கள் எழுதியதை ஏர்பேக் மட்டும் சரிசெய்துவிடாது. ட்ரைபர் 2021இல் பழைய முறையில் நாலு நட்சத்திரம், கேரன்ஸ் 2022இல் அதே பழைய முறையில் மூன்று. வேறு வேறு விதியில் நடந்த சோதனைகளின் நட்சத்திரங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இந்தச் சோதனைகளில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு இந்த மூன்றில் எதுவும் ஐந்து நட்சத்திரம் வாங்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஷோரூமில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ஜன்னலோரம் திரை போல விரியும் பக்கவாட்டு ஏர்பேக் கடைசி வரிசை வரை வருகிறதா, நடு வரிசையோடு நின்றுவிடுகிறதா? விற்பனையாளர் வாய் வார்த்தையாகச் சொன்னால் போதாது, கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருப்பது பெல்ட். ஆறு பேரும் போட வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவரும்தான். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. யாரும் பிடிப்பதில்லை என்பதால் பாட்டி மடியில் குழந்தை என்று ஊரே போகிறது. மோதும் நொடியில் மடியில் இருக்கும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள எந்தப் பாட்டியின் கைக்கும் வலு போதாது. பட்டறைக்கு வந்த விபத்து வண்டிகளின் முன்கண்ணாடியில் இதன் அடையாளத்தைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஐ.நா. விதி ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை உள்ள சீட் வாங்குங்கள். பையனுக்கு பெல்ட் கழுத்தில் உரசும் உயரம் என்றால் பூஸ்டர் சீட் வேண்டும்.

விலைக்கு வருவோம். நம் மாநிலத்தில் வாழ்நாள் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் விலையுள்ள வண்டிக்கு வரி சுமார் 1,29,000. 10.2 லட்சத்துக்கு சுமார் 1,84,000. முப்பதாயிரம் ரூபாய் கூடுதல் வேரியன்ட்டுக்கு வரியே ஐம்பத்தைந்தாயிரம் கூடிவிடும். எர்டிகாவின் கீழ் வேரியன்ட்கள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் ஆன்ரோடு கொட்டேஷன் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆக்சஸரீஸ் கட்டாயம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று இல்லை.

சரி, என் முடிவு என்ன? உங்கள் இடத்தில் இருந்தால் நான் கேரன்ஸ் 1.5 பெட்ரோல் மேனுவலை எடுப்பேன், பணத்துக்கு எட்டிய வேரியன்ட்டில். ஆறு ஏர்பேக் எல்லாவற்றிலும் உண்டு என்பதால் கீழ் வேரியன்ட் என்று தயங்க வேண்டாம். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 2780 மில்லிமீட்டர், எர்டிகாவைவிட 40 கூடுதல், அகலமும் கூடுதல். நடு சீட் புரண்டு மடியும் விதத்தில் கடைசி வரிசைக்குப் போகும் வழி பெரிதாகத் திறக்கும். நீங்களோ அத்தையோ அந்த இடத்தில் உட்காருவதற்கு மூன்றில் அதுதான் பரவாயில்லை. இழுவையில் எர்டிகாவைவிடப் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். 115 குதிரைத்திறன் இருந்தாலும் வண்டி கனம். இரண்டாவது கியரில் இன்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டு ஏற வேண்டியதுதான். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். முழுச் சுமையில் பிரேக்கை மட்டும் நம்பி திம்பம் இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும்.

எர்டிகாவை எடுத்தாலும் தப்பில்லை. சத்தியமங்கலம் தாண்டி ஏதாவது ஆனால் மாருதிக்கு மெக்கானிக் கிடைப்பது சுலபம், மைலேஜ் கொஞ்சம் கூட வரும், விற்கப் போனால் நல்ல விலை. கணவர் அதில்தான் உறுதியாக இருந்தால் பெட்ரோல் எர்டிகா எடுங்கள், சி.என்.ஜி. வேண்டாம். எதை எடுத்தாலும் முதலில் வீட்டு போர்டிகோவை அளந்து பாருங்கள். வேகன்ஆரின் நீளம் 3655 மில்லிமீட்டர். எர்டிகா அதைவிட முக்கால் மீட்டர் நீளம், கேரன்ஸ் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீளம். கேட் சாத்த முடியாமல் பின்பக்கம் தெருவில் நிற்கும் வண்டிகளை ஈரோட்டிலேயே நிறையப் பார்க்கலாம்.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் சமதளத்தில் முடித்துவிடுவார்கள். சென்னிமலை மலைப்பாதைக்குக் கேளுங்கள். மறுத்தால் ஒரு மேம்பாலத்திலாவது ஏறுங்கள், ஆறு பேரோடு. பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பச் சொல்லுங்கள். பெரிய வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் கவனியுங்கள், காலி வண்டியில் அது தெரியாது. வாங்கிய பிறகு, டிரைவர் கதவின் நிலைப் பகுதியில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆள் குறைவுக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு போட்டிருப்பார்கள். ஊருக்குப் போகும் முதல் நாள் டயரில் முழுச் சுமை அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். பின்னால் பாரம் இறங்கினால் முன்விளக்கு மேலே தூக்கும். அதைத் தாழ்த்தும் குமிழ் டாஷ்போர்டில் இருக்கும், அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு எட்டுப் பேர் என்றால் அன்று ஒரு டிரைவரோடு டெம்போ டிராவலரோ இன்னொரு காரோ வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் இரண்டு நாளுக்காகப் பெரிய வண்டியும் வேண்டாம், ஏழு பெல்ட் உள்ள வண்டியில் எட்டாவது ஆளும் வேண்டாம்.

பையன் கேட்ட சன்ரூஃப் கேரன்ஸ் கிளாவிஸின் சில வேரியன்ட்களில் வரும், எர்டிகாவில் கிடையாது. அவன் ஆசை புரிகிறது. ஆனால் அதில் தலையை நீட்டி நிற்கும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு பிரேக்கில் கழுத்து விளிம்பில் மோதும். அந்த வேரியன்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாப்பாவுக்கு நல்ல சீட்டும் அவனுக்கு பூஸ்டரும் வாங்கிவிடலாம். பூஸ்டரின் நிறத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.